மணி அடிக்கவில்லை

…அதுவும் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல், மார்ச் மாதத்து இருட்டு கவிகிற நேரத்தில், உடுப்பு மேலே கறுப்பு, கீழே கறுப்பு, நாற்பதடி பஸ்ஸின் வலது விலாவை உரசிக்கொண்டு சைக்கிளில் வருகிறவனை வேறு என்னவென்று சொல்வது, அவனுக்குக் காறை எலும்பு முறிந்ததாம், முறியாமல் என்ன செய்யும்… லொரேன் தன் புதுச் சைக்கிளைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள், கதவு முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது, சாத்தட்டும். இருபத்து மூன்று வருடம், அதே இருபத்திரண்டாம் நம்பர் பஸ், ஏரிக்கரையிலிருந்து ரயில்வே யார்டு வரைக்கும், கண்ணாடியில் பனி கட்டிப்போன காலையெல்லாம் ஓட்டியிருக்கிறாள், ஒரு நாயின் வாலைக்கூட மிதித்ததில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தத்துக்காக வலப்பக்கம் ஒதுங்கினாள், இந்த ஓவன் டிரெஸ்லர், பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கிறவனாம், சைக்கிளோடு வந்து பஸ் பக்கத்தில் விழுந்தான், அவ்வளவுதான், இவளை இறக்கிவிட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் டெப்போவில் தொலைந்த பொருட்கள் அறை. ஒற்றைக் கையுறைக்குச் சீட்டு ஒட்டு, குடைக்குச் சீட்டு ஒட்டு, யாரோ சீட்டுக்கு அடியில் விட்டுப்போன பல்செட்டுக்குச் சீட்டு ஒட்டு…

சனிக்கிழமை இதே கடையில்தான் சைக்கிளை வாங்கினாள், பச்சை நிறம், புருஷன் புரூனோ தன் வேனில் போட்டு வீட்டில் இறக்கினான், இன்றைக்கு நாலு தெரு தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள், விளக்கில்லாமல் ஏறமாட்டாள், அவள் அந்த ரகம் இல்லை. கடைக்காரி மார்னி, நரைத்த ஜடையும் முழங்கை வரை கிரீஸுமாக இருந்தவள், குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டே ஏதோ சொன்னாள், இந்த ஊரில் ஒருத்தருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை, எல்லாரும் வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டு முனகுகிறார்கள். என்ன என்று அதட்டலாகக் கேட்டதும் மார்னி நிமிர்ந்தாள்.

“முதல் தடவையா ரோட்டுல ஓட்டப் போறீங்களான்னு கேட்டேன் மேடம். அப்படின்னா லைட்டுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.” யாரிடம் சொல்கிறாள், எனக்கா ரோடு தெரியாது, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எது தெரியும் எது தெரியாது என்று உனக்குத் தெரியுமா, வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் ஆறடிக்கு ஒரு மனுஷன் மொத்தமாகக் காணாமல் போவானே, அது தெரியுமா… லொரேன் விளக்குகள் பக்கம் திரும்பினாள். முன்னால் ஒரு வெள்ளை விளக்கு, பின்னால் ஒன்றுக்கு இரண்டாகச் சிவப்பு, ஒன்று விட்டு விட்டு எரிகிறது, இன்னொன்று நின்று எரிகிறது. இரண்டையும் எடுத்தாள். இது உனக்குடா டிரெஸ்லர். மஞ்சள் நிற ஹெல்மெட், அதைப் போட்டால் தலை பூசணிக்காய் மாதிரி இருக்கிறது, இருக்கட்டும், இதுவும் உனக்குத்தான். கணுக்காலில் கட்டுகிற பளபளப்புப் பட்டை, ஹேண்டில்பாரின் ஓரத்தில் மாட்டுகிற வட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை வாங்காமல் அவளால் முடியாது, பின்னால் வருவது தெரியாமல் ஒரு நிமிஷம்கூட ரோட்டில் இருந்து பழக்கமில்லை. நான் காட்டுகிறேன், எப்படி ஓட்டவேண்டும் என்று இந்த ஊருக்கு நான் காட்டுகிறேன்.

இல்லாவிட்டால் ஐம்பத்தேழு வயதில் இவளுக்கு எதற்கு சைக்கிள். பஸ்ஸில் இலவசப் பாஸ் இருக்கிறது. சீட்டு ஒட்டும் வேலைக்கு முதல் நாள் அதில்தான் போனாள், இவள் வண்டியை இப்போது டாரன்ஸ் ஓட்டுகிறான், இவளே பழக்கிவிட்ட டாரன்ஸ், அவன் கண்ணாடி வழியாக இவளைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்க முயன்றான், அந்தச் சிரிப்பு… பாதி வழியில் கயிற்றை இழுத்து இறங்கி மீதியை நடந்தாள், குளிரில் மூக்கு ஒழுக. பரிதாபப்படுகிறானாம். அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. வீட்டில் புரூனோ இருக்கிறான், டிவி அலறுகிறது லொரேன், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறது என்று தினமும் சொல்லுவான், ரிமோட்டைப் பிடுங்கிக் குறைப்பான், அப்புறம் அதில் வருகிறவர்களும் முனக ஆரம்பித்துவிடுவார்கள். வியாழக்கிழமை விசாரணை. அறிக்கையில் அவள் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பின்விளக்கு இல்லை, மணி அடிக்கவில்லை. டிரெஸ்லர் மூன்று தடவை அடித்தேன் என்கிறான், கத்தினேன் என்கிறான், பின்விளக்கு இல்லாததை மட்டும் ஒப்புக்கொள்கிறான், பாதி உண்மை சொன்னால் மீதியையும் நம்பிவிடுவார்கள் என்று நினைப்பு. முன் சீட்டில் இருந்த ஒரு பெண் தனக்கும் மணி கேட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவளுக்கு என்ன வந்தது, அவள் யாருக்கு வேண்டியவள். அவன் கடைசியில் பஸ் தகரத்தை உள்ளங்கையால் அறைந்தானே, அந்தத் தொம் என்ற சத்தம் கேட்டதே, கேட்டதால்தானே பிரேக்கை மிதித்தேன், மிதித்ததால்தானே எலும்போடு போயிற்று… காது கேட்காதவளுக்கு அது மட்டும் எப்படிக் கேட்கும்? யூனியன் ஆள் ஒரு தடவை பேச்சுவாக்கில், காதை ஒருமுறை பரிசோதித்துவிடலாமே என்றான், அவனை அவள் பார்த்த பார்வையில் அவன் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெல் வேண்டும், இருப்பதிலேயே நல்ல பெல், என்றாள் லொரேன். மார்னி ஒரு தட்டு நிறைய எடுத்துவந்து கல்லாவின் மேல் வைத்தாள். குவளை மாதிரி பெரிய ஒன்று, திருகினால் அதன் வயிற்றுக்குள் கரகரவென்று உருண்டது, கேட்கச் சகிக்கவில்லை. ரப்பர் பந்தை அமுக்கினால் வாத்து மாதிரி கத்தும் ஒன்று, அது வேண்டாம். அப்புறம் மார்னி நெல்லிக்காய் அளவில் ஒரு பித்தளை மணியை எடுத்து, அதன் சின்ன நாக்கைக் கட்டைவிரலால் இழுத்து விட்டாள். நாக்கு போய் மோதியது, திரும்பி வந்தது. அவ்வளவுதான். லொரேன் காத்திருந்தாள். கடைக்குக் கீழே எங்கேயோ ஹீட்டர் உறுமுவது கேட்டது, தெருவில் ஒரு லாரி கியர் மாற்றுவது கேட்டது.

“இது ரிப்பேர். அடிக்கவே மாட்டேங்குது.”

மார்னி விளங்காமல் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், மறுபடியும் இழுத்து விட்டாள். கல்லாவுக்கு அடியில் படுத்திருந்த கிழட்டு நாய் காதைத் தூக்கியது. நாய்க்கு எல்லாம் கேட்கும், நாயை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்… ஆனால் கடையின் அந்தக் கோடியில், டயர்கள் தொங்கும் வரிசைக்கு நடுவே, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற உயரமான ஆள் ஒருவன், கையிலிருந்த பெட்டியில் எதையோ படித்துக்கொண்டிருந்தவன், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரடி வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டான், பின்னால் ஒரு சைக்கிள் வருகிறது என்பதுபோல, காலே தானாக நகர்ந்ததுபோல. அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

“நல்லாத்தானே அடிக்குது மேடம்,” என்றாள் மார்னி, இந்த முறை நேராக முகத்தைப் பார்த்து, மெதுவாக. “இருக்கிறதுலயே இதுதான் கணீர்னு இருக்கும். ஊர்ல பாதி சைக்கிள்ல இதுதான் இருக்கு.”

பாதி சைக்கிளில். லொரேன் மணியைக் கையில் வாங்கி, காதோரம் கொண்டுபோய், தானே இழுத்து விட்டாள். விரல் நுனியில் ஒரு சிலிர்ப்பு, தேனீயைப் பொத்திப் பிடித்ததுபோல, உலோகம் நடுங்குகிறது, நடுங்கி நிற்கிறது, காதில் ஒன்றுமில்லை. இன்னொரு தரம். இது சதி, இவளும் அந்த உயரமானவனும்… என்ன சதி, யாருடைய சதி, இவர்களுக்கு என்னை யாரென்றே தெரியாதே. மூன்று தடவை அடித்தேன் என்றான். மூன்று தடவையும் இப்படித்தான் நடுங்கியிருக்குமோ, ஒரு முழங்கை தூரத்தில், அவன் விரலுக்குக் கீழே, முன் சீட்டுப் பெண் தலையைத் திருப்பியிருப்பாள், நான் நேரே பார்த்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பியிருப்பேன். அடிக்கவில்லை என்று எழுதினேன். கேட்கவில்லை என்றல்லவா எழுதியிருக்கவேண்டும், அடித்ததா என்றுகூட நான் யாரையும் கேட்கவில்லை… ஆனால் பின்விளக்கு இல்லை, அது பொய்யில்லை, அது என் தப்பில்லை, பின்விளக்கு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள், அது முன்பு போலத் தாங்கவில்லை. முகம் சுட்டது. அந்த நாய்கூட அவளையே பார்ப்பதுபோல் இருந்தது, அதன்மேலும் கோபம் வந்தது. இதையே போட்டுவிடு என்றாள் மார்னியிடம், குரல் கடை முழுக்க அதிர்ந்திருக்கவேண்டும், உயரமானவன் இப்போது திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளும் இப்படியா பேசிக்கொண்டிருக்கிறேன், எல்லாரிடமுமா, புரூனோவிடமுமா?

வெளியே வந்தபோது நாலரை. விளக்குகளைப் போட்டாள், ஹெல்மெட் வாரை மாட்டினாள், ஏறவில்லை, நடைபாதை ஓரமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டாம் நம்பர் வந்து எதிரில் நின்றது, யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை, கதவு மட்டும் திறந்தது, மேலே டாரன்ஸ், மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னான். கேலியோ, கரிசனமோ, வியாழக்கிழமையைப் பற்றியோ. இப்படி யாராவது ஏதாவது சொன்னால் பாதியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிச் சிரித்துவிடுவது அவள் வழக்கம், எத்தனை வருடமாக என்று தெரியாது, தலை இப்போதும் ஆடத்தான் கிளம்பியது. அதை நிறுத்தினாள். சைக்கிளோடு ஓரடி முன்னால் வந்து, படியருகில் முகத்தை நீட்டினாள்.

“என்ன சொன்ன, டாரன்ஸ்? எனக்குக் கேக்கல. திருப்பிச் சொல்லு.”

டாரன்ஸின் சிரிப்பு நின்றது. பின்னால் கார்கள் வரிசை கட்டி நிற்க, அவன் இருக்கையிலிருந்து சாய்ந்து, அதையே மறுபடி சொன்னான். உதடுகள் அசைந்தன. லொரேன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு தடவை கேட்கலாமா என்று.