ஹார்பர் திறக்கிற அன்னைக்கு

"கல் ஏற்றி வருகிற லாரிகளை வழியில் காத்துக்கொள்ளும், ஆண்டவரே. புது ஹார்பரின் வேலை தடையில்லாமல் நடக்கட்டும். ருஷியாக் கப்பல்கள் திரளாய் வரட்டும். எங்கள் மகள் கிரேசியின் நாவிலே அந்தப் பாஷையை வைத்தருளும். ஆமென்" என்று ஜேசுதாசன் முடித்தார்.

அடுத்தது ஜெபகனியின் முறை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையையும் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"நாசரேத் ஊர்ப் பள்ளியில் ஆசிரியப் பயிற்சிக்கு இந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே. வருகிற திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறது. அதை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகும் இந்த வீட்டில் ஒருவருக்கு விளங்கவில்லை. அவருடைய கண்களைத் திறந்தருளும். ஆமென்."

ஜேசுதாசனின் ஆமென் சற்றுத் தாமதித்து வந்தது. ஆனாலும் வந்தது.

அந்த வீட்டில் சண்டை நடப்பது இப்படித்தான். கல்யாணமான புதிதில், ஒருவரோடு ஒருவர் குரல் உயர்த்துவதில்லை என்று பாதிரி ஐயர் முன்னால் இருவரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதை மீறியதில்லை. மனசில் கிடப்பதையெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக் குடும்ப ஜெபத்துக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வார்கள். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது, எழுந்து போக முடியாது, கண்ணைத் திறந்து முறைக்கவும் முடியாது. முடிவில் ஆமென் வேறு சொல்லியாக வேண்டும். பதில் சொல்லத் தன் முறை வரும்வரை பொறுக்கவேண்டியதுதான்.

ஜேசுதாசன் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். அந்த ஜன்னல் வழியே தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் கொடிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. போன வருஷம் நாலு ருஷியாக் கப்பல் வந்தது. இந்த வருஷம் ஆகஸ்டுக்குள்ளேயே பதினொன்று. புது ஹார்பர் திறந்துவிட்டால் கரையிலேயே வந்து கட்டும். அப்போது எத்தனை வரும்? டைப் படித்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர். ருஷியா பாஷை படித்தவர் எத்தனை?

"ஹார்பர் திறக்கிற அன்னைக்கு அந்தப் பாஷை தெரிஞ்ச ஆளு இந்தத் தூத்துக்குடில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும் பாத்துக்க. அது எம்புள்ளயா இருக்கும்" என்று ஆபீசில் சொன்னார், மார்க்கெட்டில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார்.

மெட்ராசிலிருந்து தபாலில் பாடம் வந்தது. கிரேசி தினமும் காலையில் முருங்கை மரத்தடியில் நின்று சத்தமாக வாசித்தாள். 'வணக்கம்' என்பதற்கே அந்தப் பாஷையில் வாயை மூன்று தடவை சுழற்ற வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னட்டி, மீன் முள்ளு கிள்ளு மாட்டிக்கிட்டா? வெறுஞ்சோறு ரெண்டு உருண்டை முழுங்கு" என்றாள்.

"டீச்சர் வேலைக்கு என்னைக்கும் ஆள் வேணும்" என்பது ஜெபகனியின் கணக்கு. பிள்ளைகள் பிறந்துகொண்டேதானே இருக்கும்? இதற்கும் ஜேசுதாசன் ஜெபத்தில்தான் பதில் சொன்னார்.

"சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்து, இரண்டு பிள்ளை போதும் என்று சர்க்கார் சொல்லுகிறதே, ஆண்டவரே. இருபது வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுதான் இருக்கும், உட்காரப் பிள்ளை இருக்காது என்பதை இந்த வீட்டிலுள்ளோருக்கு உணர்த்தும்."

"பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளுக்கு ஏழாவது பிள்ளை சுகமாய்ப் பிறந்ததற்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள் ஜெபகனி.

கடைசி முறை எப்போதும் கிரேசியுடையது. நோயாளிகள், ஐயர், மழை என்று மூன்று வரியில் முடித்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒருநாள் துணி காயப்போடும்போது ஜெபகனி கேட்டாள்.

"ஒனக்கு என்னதாம்ட்டி வேணும்?"

"நீங்க ரெண்டு பேரும் சண்ட போடாம இருந்தா போதும்."

"சண்டையா? ஜெபம்லா பண்ணுதோம்!"

அந்தச் சனிக்கிழமை ஒரு ருஷியாக் கப்பலிலிருந்து ஆட்கள் லாஞ்ச் படகில் கரைக்கு வருவதாக ஆபீசுக்குத் தகவல் வந்தது. ஜேசுதாசன் அரைநாள் லீவு போட்டு, கிறிஸ்மஸுக்கு எடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். இத்தனை நாள் படிப்புக்கு அன்றைக்குத்தான் பரீட்சை. வாசலில் நின்று, "திங்கக்கிழமைக்கு டிரங்குப் பெட்டிய எடுத்து வைக்கவா வேண்டாமான்னு சாயங்காலம் சொல்லுதேன்" என்று மனைவியிடம் சொன்னபோது, ஜெயித்தவரின் சிரிப்பு முகத்தில் இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி மடித்து உள்ளே வைத்தார். காப்பி கேட்கவில்லை. அன்றைய ஜெபத்தில் நோயாளிகளை மட்டும் சொல்லி முடித்தார். ஹார்பர் வரவேயில்லை.

ஞாயிறு காலை அடுப்படியில் ஜெபகனி மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னளா நடந்துச்சு? நீ பேசலையா?"

"பேசினேம்மா. வயசான மாலுமி ஒருத்தர். நான் வணக்கம் சொன்னதும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு கால்மணி நேரம் பேசினாரு. எனக்கு நாலு வார்த்தை புரிஞ்சுது. மழை, மகள், உருளைக்கிழங்கு, டீ."

"நாலு புரிஞ்சுதுல்லா? அதுக்கு ஏன் ஒங்கப்பா இப்படி இருக்காவ?"

கிரேசி குரலைத் தாழ்த்தினாள். "கூட ஒரு ஆபீசர் வந்திருந்தாரு. அவரு அப்பாட்ட நல்லா இங்கிலீஷ் பேசினாரு. இனிமே ஒங்க துறைமுகம் மாதிரி இடத்துக்குத்தான் அதிகம் வருவோம், அதனால எங்க கப்பல்ல சேருத பையன்மாரெல்லாம் இங்கிலீஷ் படிச்சிட்டுத்தான் வாராங்கன்னாரு. அப்பா 'வெரி குட், வெரி குட்'னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. திரும்பி வரும்போது சைக்கிள்ல ஏறாம, கூடவே தள்ளிக்கிட்டு நடந்து வந்தாவ."

ஜெபகனி அடுப்பை ஊதினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. எங்கேயோ ஒரு தேசத்தில், கடலையே பார்த்திராத ஒரு தகப்பன், தூத்துக்குடிக்குக் கப்பல் போகும் என்று கணக்குப் போட்டுத் தன் பிள்ளையை இங்கிலீஷ் படிக்க உட்கார்த்தி வைத்திருக்கிறான். அவன் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரித்தார்கள். டிரங்குப் பெட்டி சுவரோரம் திறந்து கிடந்தது. அதில் இரண்டு சேலை மட்டும் இருந்தது. காலையில் ஆறு மணிக்கு நாசரேத் பஸ்.

ஜேசுதாசன் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார். பிறகு மெதுவாக, "டீச்சர் வேலை நல்ல வேலை, ஆண்டவரே. உமது ஊழியக்காரன்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான். அந்தப் பிள்ளை அங்கே பத்திரமாய்ப் போய்ச் சேர வேண்டும்" என்றார். ஆமென் சொல்ல மறந்துபோனார்.

ஜெபகனி அவருக்காகவும் ஒரு ஆமென் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். நாசரேத்துக்காக நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கல் ஏற்றி வருகிற லாரிகளைக் காத்துக்கொள்ளும், ஆண்டவரே" என்று வந்தது. "ஹார்பர் நல்லபடியாய் முடியட்டும். அந்தக் கப்பல்களில் இங்கிலீஷ் மண்டையில் ஏறாத நாலு பேராவது கட்டாயம் இருப்பார்கள். அவர்களை எங்கள் பக்கமாய் அனுப்பிவையும். இந்த வீட்டுத் தலைவன் ஆபீசில் தலைகுனியாதபடி பார்த்துக்கொள்ளும். ஆமென்."

எதிரே ஜேசுதாசன் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

கிரேசியின் முறை. வழக்கமான நோயாளிகளுக்காக இருவரும் காத்திருந்தார்கள். கிரேசி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, ருஷியா பாஷையில் ஜெபிக்கத் தொடங்கினாள்.

மூன்று வரியில் முடியவில்லை. பல நாளாய்ச் சேர்த்து வைத்திருந்ததாலோ என்னவோ, முருங்கை மரத்தடியில் வாசித்ததுபோல் திக்கவுமில்லை. யாரோ தெரிந்தவரிடம் நியாயம் கேட்பதுபோல் ஏறியும் இறங்கியும் போனது குரல். நடுவில் நாசரேத் என்று ஒருமுறை வந்தது. கொஞ்சம் கழித்துத் தூத்துக்குடி என்று வந்தது. ஒரு இடத்தில் சிரிப்பை அடக்குவதுபோல் நின்று, திரும்பவும் தொடர்ந்தது. ஒரு வருஷமாகக் காதில் விழுந்ததில் ஜெபகனிக்கு அந்தப் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை தெரியும், வேண்டாம் என்பது. இப்போது அது இரண்டு தடவை கேட்டது. எதை வேண்டாம் என்கிறாள்?

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஜெபத்தின் நடுவில் ஜெபகனி கண்ணைத் திறந்தாள். எதிரே ஜேசுதாசனும் திறந்திருந்தார். புருவத்தை உயர்த்தி, என்ன கேட்கிறாள் என்று மனைவியிடம் ஜாடையில் கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். மகள் இறுக மூடிய கண்களோடு இன்னும் பேசிக்கொண்டேயிருந்தாள். எந்த இடத்தில் ஆமென் சொல்ல வேண்டும் என்று தெரியாமல், இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு முழங்காலில் நின்றார்கள்.