தண்ணீரில் வந்த மரபணு

வெறும் தண்ணீரில் அந்த மரபணு எப்படி வந்தது என்று மூத்தவளுக்குப் பிடிபடவே இல்லை.

இறக்குமதியான அரிசி நூடுல்ஸில் அனுமதியில்லாத மாற்று மரபணு இருக்கிறதா என்று சோதிப்பது ஆய்வகத்தில் அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குழாயில் தண்ணீர் மட்டும் வைப்பாள். மூன்று நாளாகத் தண்ணீரும் "இருக்கிறது" என்றே காட்டியது. அப்புறம் நூடுல்ஸ் முடிவை யார் நம்புவார்கள்? இன்றும் சொதப்பினால் அந்தச் சோதனைக் கோப்பு இளையவளிடம் போய்விடும்.

இளையவள் அவளுடைய ஓரகத்தி; அதே ஆய்வகத்தில்தான் வேலை. வீட்டிலும் அவளுக்குத்தான் நல்ல பெயர். இங்கேயும் அவள் தண்ணீர்தான் சுத்தம். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. தயாரிப்பு அறையில் தன் சோதனைக்கு நடுவே எழுந்து, இயந்திரத்தில் ஓடி முடிந்த குழாய்களைத் திறந்து பார்க்கும் முடிவு அறைக்குப் போய், இளையவளின் குழாய்கள்மேல் குனிந்தாள்.

"அக்கா, குழாய் திறந்திருக்கு. கோட்டுக் கை படுது பாருங்க!"

"பாத்தா தேஞ்சா போயிடும்?"

"தினமும் ஒளிஞ்சு வந்து பாக்கறீங்களே, இன்னுமா தேயல?"

மூத்தவள் தன் கோட்டுக் கையைப் பார்த்தாள். அந்தக் குழாய்களில் இயந்திரம் ஒரு மரபணுத் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கிவிட்டிருக்கும். திறந்த குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளி ஒட்டினாலே போதும். மூன்று நாளும் எட்டிப் பார்த்துவிட்டு, இதே கோட்டோடு தன் மேசைக்குத் திரும்பியிருந்தாள்.

போய்க் குளித்து, உடை மாற்றி, மேசையைத் துடைத்து, புதுக் கோட்டோடு மறுபடி தொடங்கினாள். சாயங்காலம் தண்ணீர் சுத்தம். நூடுல்ஸில் மட்டும் மரபணு.

கோப்பில் எழுதினாள்: "தயாரிப்பு அறையிலிருந்து முடிவு அறைக்குப் போகலாம். போனவர் அதே கோட்டோடு திரும்பக் கூடாது."