பத்துப் பிள்ளை சேர்ந்தால்தான்

“மார்ச் 12, புதன். இன்று ஒரு சிறிய தவறு. எப்போது போனாலும் ஊசி போடுவார்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.”

தினமும் நாலு வரி எழுதச் சொல்லி மாலை வகுப்பில் பாடம். எழுதியதைப் படித்துப் பார்த்த தங்கை, ‘சிறிய’ என்பதை அடித்தாள். ‘பெரிய’ என்று போடலாமா? அதுவும் மிகையோ என்று தோன்ற, அந்த இடத்தை வெறுமையாக விட்டாள்.

அவள் டோக்கன் கொடுக்கும் தனியார் கிளினிக்கில் ஒரு குழந்தை வந்தாலும் ஒரு மருந்துக் குப்பியைத் திறப்பார்கள். ஊசி போட்டதும் கையில் பலூன். அரசு சுகாதார நிலையத்திலும் அப்படித்தான், பலூன் மட்டும் இருக்காது என்று நினைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தட்டம்மை. சலவை ஆலையில் இஸ்திரி போடும் அக்கா, பதறிப்போய் காலை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, தன் கைக்குழந்தை குண்டுவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊசி போடாமலே திரும்பி வந்தாள்.

“ஒரு குப்பி பத்துப் பிள்ளைக்காம். திறந்தா அன்னைக்கே தீர்க்கணும், மிச்சத்தைக் கொட்டினா மேலேருந்து கேள்வி வருமாம். ‘ஆள் சேரட்டும்மா, உட்காரு’ன்னா நர்ஸ். உட்கார்ந்தேன். பெஞ்சு சூடானதுதான் மிச்சம்.”

“யாருமே வரலையாக்கா?”

“ஏன் வரலை? ஒவ்வொருத்தியா வந்தாளுங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாளுங்க. எல்லாரும் ஒண்ணா வந்திருந்தா குப்பி காலியாகியிருக்கும்.” அக்கா குண்டுவைத் தோளில் மாற்றிப் போட்டாள். “இன்னொரு தடவை மட்டம் போட்டா வீட்லயே இஸ்திரி போட்டுக்கோன்னுட்டார் மேஸ்திரி. உங்க கிளினிக்ல கேட்டுப் பாரேன்டி.”

“அங்க ஒரு ஊசிக்கு உன் ஒரு வாரக் கூலி ஆகும், அக்கா.”

அக்கா குண்டுவின் சட்டையை இழுத்துவிட்டாள்.

தங்கைக்கு மதியம் நடந்தது நினைவுக்கு வந்தது. டாக்டர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே, “அந்தப் பக்கம் தட்டம்மையாம். ஊசின்னா ஓடுற ஜனங்க. விழிப்புணர்வே கிடையாது” என்றார். பலூன் பிடித்த குழந்தையின் அம்மா தலையாட்டினாள். இவளும் “ஆமா சார்” என்றாள். இப்போது அதை மறைக்க மனமில்லாமல் அக்காவிடம் சொல்லியே விட்டாள்.

“ஓடுற ஜனங்கதான். வேலைக்கு ஓடுறோம்” என்றாள் அக்கா.

“நாளைக்கு நான் லீவு போட்டு எல்லாப் பிள்ளைங்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போறேன்.”

“பத்தையும் எதுல தூக்குவ? கூடைலயா?”

“விளையாடாதக்கா. டாக்டர் காரணம் கேட்டா என்ன சொல்றது?”

“வயித்துவலின்னு சொல்லு. நிஜத்தைச் சொன்னா பாவம், அவருக்கு விழிப்புணர்வு வந்துடப் போகுது.”

இருவரும் சிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பையன் இருமினான். சிரிப்பு நின்றது. அக்கா குண்டுவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. நம்பாமல் இன்னொரு முறை தொட்டாள்.

தங்கை நோட்டை மறுபடி விரித்தாள்.

“நாளை: விடிந்ததும் கைக்குழந்தை உள்ள வீடுகளைத் தட்ட வேண்டும். அம்மாக்கள் வேலைக்குக் கிளம்பும் முன் பிள்ளைகளைக் கேட்டு வாங்க வேண்டும். தூக்கிவர இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். சுகாதார நிலையம் திறக்கும்போது பத்துப் பிள்ளைகளும் பெஞ்சில் இருக்க வேண்டும். கிளினிக்குக்கு வயிற்றுவலி.”