சிவப்புக் கோட்டுக்கு மேலே

பறவைக் கிறுக்குப் பிடித்தவருக்கு வாழ்க்கைப்பட்டவளைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை. என் கணவர் பட்டாபிக்கு ஆபீசில் கொடுத்த வேலை, தில்லிக்குத் தெற்கே ஓர் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது. அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை, எப்போதோ அங்கே கூடு கட்டிய மஞ்சள் மூக்கு நாரைகளைத் திரும்ப வரவழைப்பது. ஏரி நடுவே மண்மேடு போட்டுக் கருவேலங்கன்று நட்டார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்தச் சேற்றில்தான் போயின. ஐந்து வருஷம் ஒரு நாரையும் எட்டிப் பார்க்கவில்லை.

"உங்க கடுதாசி போய்ச் சேரலையோ என்னமோ" என்று கேலி செய்வேன்.

எழுபத்தெட்டு ஆகஸ்டில் வந்துவிட்டன. மரங்கள் ஆள் உயரம்தான் வளர்ந்திருந்தன. கூடுகள் தண்ணீரை ஒட்டியே இருந்தன. குஞ்சு பொரித்த அன்று நாங்கள் குடியிருந்த லோதி காலனி முழுக்க ஜிலேபி கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கூடு முழுகாமல் இருக்க, ஏரியின் அளவுக் கம்பத்தில் தன் கையாலேயே சிவப்புக் கோடு போட்டார். தண்ணீர் அதைத் தொட்டதும் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மதகைத் திறந்துவிட வேண்டும் என்று காவலாளிக்கு உத்தரவு.

செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது. யமுனையும் பொங்கியது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஆராயிக்கு ஜங்புராவில் மதராசி கேம்ப், நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டிய குடிசை. ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் அந்த நாலாவில்தான் வந்து விழும். அது அவளுக்குத் தெரியாது.

"அம்மா, இன்னிக்கு ஜல்தியா போவணும். நாலா வாசப்படிக்கு ஒரு சாண் கீழ நிக்குது. புள்ளைங்கள கட்டில் மேல உக்கார வெச்சிட்டு வந்திருக்கேன்."

"அப்படி விட்டுட்டு எதுக்குடி வந்தே?"

"நேத்தும் வரலையேம்மா."

போன் அடித்தது. இவர் எடுத்தார். தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டதாம். திறக்கட்டுமா என்கிறான் காவலாளி. இவர் ஆராயியைப் பார்த்தார். அவள் குனிந்து குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மத் கோலோ" என்றார். அவன் நம்பவில்லை போலிருக்கிறது. திறக்காதே என்றால் திறக்காதே என்று ஹிந்தியில் கத்தினார்.

"ஏன்னா, உங்க குஞ்செல்லாம்?" என்றேன்.

"பேசாம இரு, ருக்கு."

மழை விட்டதும் ஏரிக்குப் போய்வந்தார். மரங்களின் உச்சி மட்டும் தெரிந்ததாம். பெரிய நாரைகள் அதற்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தனவாம். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் ஆராயி கையில் தேங்காய் மூடியோடு வந்தாள்.

"தண்ணி படியோட நின்னுடிச்சும்மா! உள்ள ஒரு சொட்டு வரல. முருகன் காப்பாத்திட்டாரு. மலைமந்திர் போயி தேங்கா ஒடச்சேன்."

இவருக்கும் ஒரு சில்லை நீட்டினாள். முகத்தைப் பார்த்தவள், "ஐயாவுக்கு என்னம்மா?" என்றாள்.

"ஏரியில நாரைக் குஞ்செல்லாம் முழுகிடுத்து."

"ஐயோ பாவமே! எத்தன வருசம் பாடுபட்டாரு! மதகுன்னு ஒண்ணு இருக்குன்னு ஐயா சொல்வாரே, அத்த ஒருத்தரும் தெறந்து விடலியா?"

நான் வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார்.

"இல்லைம்மா, யாரும் திறக்கலை" என்று சொல்லிவிட்டுத் தேங்காய்ச் சில்லைக் கடித்தார். ஏரிக்குப் போய்வந்த பிறகு அவர் வாயில் போட்ட முதல் ஆகாரம் அதுதான்.