மையில் கலந்த தண்ணீர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. இன்று மத்தியானம் அக்காவின் சாப்பாட்டு மேசையிலிருந்து சுட்டது. அவள் ஆராய்ச்சிக்காரி. கப்பலோடு வந்து இறங்கி ஒரு தீவையே தின்று தீர்த்த எலிகளை ஒழித்து, அங்கே அழிந்துபோன பறவையினத்தை வெளியே வளர்த்து மீண்டும் குடியேற்றுவது அவள் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. எது பெரிய வேலை என்று எங்கள் அம்மாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

2

"தீவு அமைதியாக இருந்தது. அலைகள்…"

[வேண்டாம். அலைகளை எல்லோரும் எழுதியாகிவிட்டது.]

மேசைமேல் ஒரு வெள்ளை அட்டை. ஆமாம், இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தீவில் அறுபது பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் மை ஊறிய பஞ்சு, இருபுறமும் இப்படி அட்டை. தீனிக்காக நுழையும் பிராணி காலடியைப் பதித்துவிட்டுப் போகும். எலிகளை ஒழித்த பிறகு, ஒரு வருடமாக விழுந்ததெல்லாம் தீவின் சொந்தக் காட்டெலியின் சின்னக் கால்தான். வந்தேறி எலிக்குக் கால் பெரிது. நேற்று வந்த இந்த அட்டையில் ஒரு தடம் பெரிதாக இருக்கிறது.

[எவ்வளவு பெரிது? நான்கு மில்லிமீட்டர் கூடுதல். ஓர் அரிசியின் நீளம்கூட இல்லை.]

3

நாளைக் காலை தீவுக்குப் படகு. நாற்பது பறவைகள், எல்லாம் தரையில் கூடு கட்டுபவை. சினையாக ஒரு வந்தேறி எலி இருந்தால் போதும், அங்கே முட்டை மிஞ்சாது. மூன்று வருடம் அவற்றைக் கூண்டில் வளர்த்தவரை நாங்கள் பறவைக்காரர் என்போம்.

அக்காவைத் தப்பே செய்யாதவளாக எழுதிக் காட்டினேன். சிரித்தாள்.

"இது யாருடா? நான் இல்ல."

"ஏன்க்கா?"

"போன வாரம் மை பத்தல. தண்ணி கலந்து ஊத்திட்டேன். தண்ணி மை அட்டையில பரவும். சின்னக் காலும் பெருசாத் தெரியும்."

"அப்போ காட்டெலிதான். விட்டுத்தள்ளு."

"வந்தேறி எலியாவும் இருக்கலாமே. கண்டுபிடிக்கிற வழியையே நான் கெடுத்து வெச்சிருக்கேன்டா."

4

முடிவு அ: அது காட்டெலி. பறவைகள் பறக்கின்றன. சுபம்.

முடிவு ஆ: அது வந்தேறி எலி. அடுத்த வருடம் தீவு முழுக்க வெறும் முட்டை ஓடுகள்.

முடிவு இ: அவள் அந்த அட்டையை எடுத்து, யாருக்கும் தெரியாமல்…

[இதை முடிக்க மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கை அவளுக்கு இல்லை.]

அக்கா பேனாவைப் பிடுங்கி மூன்றையும் அடித்தாள்.

"புது மை வெச்சுத் திரும்பப் பாக்க மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள கூடு கட்டுற காலம் போயிடும். பறவைக்கு இன்னும் ஒரு வருஷம் கூண்டுதான். எல்லாம் என்னாலதான். அதை எழுது."

எனக்கு அவள்மேல் பெருமையாக இருந்தது. அதை அடைப்புக்குறிக்குள் வைக்க மாட்டேன்.

5

பறவைக்காரருக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சொல்லும்மா! கூண்டெல்லாம் தயார். ராத்திரி தூக்கம் வராது எனக்கு. விடியறதுக்குள்ள கரையில நிப்பேன், பாரு!"

"அண்ணா…" என்றாள் அக்கா. அதற்குமேல் வரவில்லை. என்னைப் பார்க்கிறாள்.

மூன்று முடிவு எழுதிய எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் எப்படி ஆரம்பிப்பீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவர் இன்னும் லைனில்தான் இருக்கிறார்.