பதினோரு எண்ணிக்கை மௌனம்

கடைசி அடி மட்டும் சேர்ந்து விழவில்லை. மூன்று கருவிகளும் ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘டம்’ என்பதற்குப் பதிலாக ‘டடம்’ என்று கேட்டது. காலையிலிருந்து ஆறு முறை வாசித்தாகிவிட்டது. ஆறு முறையும் ‘டடம்’.

ஒலிப்பதிவு என் வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் டிரம்ஸ்காரர், பேஸ் கிட்டார் வாசிக்கும் அவர் மனைவி, கிட்டார் வாசிக்கும் அவள் தம்பி. பாடும் குரலே இல்லாத ஆல்பம். இந்தக் கடைசி உருப்படியில் கிட்டார் ஏழு ஏழாகவும் டிரம்ஸ் ஐந்து ஐந்தாகவும் ஓடும். முப்பத்தைந்து எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் இரண்டும் சந்திக்கும். அதையெல்லாம் மூவரும் மயிரிழை பிசகாமல் வாசிக்கிறார்கள். முடிவில் பதினோரு எண்ணிக்கை முழு மௌனம், பிறகு ஒரே அடி. அந்த மௌனத்தில் ஒருவரையொருவர் பார்ப்பதை இவர்கள் இழுக்காக நினைப்பார்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள்.

நினைத்தால் ஒரு நிமிடத்தில் நானே வெட்டி ஒட்டிவிடலாம். ஆனால் அட்டையில் ‘ஒட்டு வேலை இல்லாமல் ஒரே மூச்சில் வாசித்தது’ என்று அச்சாகிவிட்டது. மறுநாள் தம்பிக்கு விமானம். திரும்ப ஒரு வருடம் ஆகும்.

“மாமா, உங்களுக்குப் பதினொண்ணு வரைக்கும் எண்ண வருமா, இல்ல விரலோட நின்னுடுமா?” என்றான் தம்பி.

“உங்க அக்காவைக் கட்டி பதினோரு வருஷம் ஆச்சு மச்சான். ஒண்ணு விடாம எண்ணிட்டுத்தான் இருக்கேன்.”

அக்கா பார்த்த பார்வையில் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டு ஒத்திகையில் ஒருநாளும் தவறியதில்லை என்றாள் அவள். அப்படியானால் அங்கே இருந்த ஏதோ ஒன்று இங்கே இல்லை. அவள் கைபேசியிலிருந்த ஒத்திகைப் பதிவை வாங்கி, மௌனத்தை மட்டும் சத்தம் கூட்டிக் கேட்டேன். ஒன்பது, பத்து, ‘கிறீச்’, ‘டம்’. அடுத்த பதிவிலும் அதே ‘கிறீச்’.

டிரம்ஸ்காரரின் பழைய ஸ்டூல். கடைசி அடிக்குக் கையை ஓங்கும்போது அவர் பின்னால் சாய்வார், அது முனகும். எண்ணுவதாக நினைத்துக்கொண்டு மூவரும், அவரும் சேர்த்துத்தான், அந்த முனகலுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். இங்கே சத்தமே போடாத புது ஸ்டூலைப் போட்டவள் நான்.

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. “நமக்குத் தாளம் சொன்னது ஒரு ஸ்டூலா?”

“பத்து வருஷமா ஒருநாள் தப்பாம சொல்லியிருக்கு. அதுவும் நம்ம ஆளுதான்டா,” என்றாள் அக்கா. சொன்னபோது அவள் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

டிரம்ஸ்காரர் வீட்டுக்குப் போய் ஸ்டூலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் அதில் உட்கார்ந்தால் முனகலும் பதிவாகிவிடும். அதனால் அதை என் அறையில் போட்டு, அடியில் ஒரு மைக் வைத்து, அந்தச் சத்தத்தை மூவரின் ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்பினேன். ஏழாவது முறை நானே அதில் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே அவர் கை உயர்வதைப் பார்த்ததும் பின்னால் சாய்ந்தேன். ஸ்டூல் முனகியது. மூன்று கருவிகளும் சேர்ந்து விழுந்தன.