கருவாட்டுத் தண்ணீர்

குப்பம்மாவுக்குக் கால் இரண்டும் கெஞ்சின. தலையில் கருவாட்டுக் கூடை, இடுப்பில் பெயிண்ட் வாளி, வாளிக்குள் கருகிப்போன கறிவேப்பிலைச் செடி. பாலவாக்கத்திலிருந்து அடையாறு வந்து சேர்வதற்குள் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

செடி அவளுடையது இல்லை. பக்கத்து வீட்டு லாரன்ஸ் வளர்த்தது. கிட்னி கெட்டு அவன் ஆஸ்பத்திரியில் படுத்து இருபது நாளாகிறது. துணைக்குப் போன அவன் பெண்டாட்டி ரோஸி, கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டாள்: "செடிக்கு மட்டும் தண்ணி ஊத்துக்கா."

தினமும் போன் வரும். "செடி எப்படி கீதுன்னு கேக்குறாருக்கா."

"ஜோரா கீதுடி." படுத்துக் கிடப்பவனிடம் வேறு எதைச் சொல்வது?

குப்பத்தில் கறிவேப்பிலைக்கு மீன் கழுவின தண்ணீர்தான் ஊற்றுவார்கள். அதில் தழைக்காத செடி இல்லை. லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கொரு தரம் வரும் இடத்தில், குடத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? ஆனால் இது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். விற்பதும் கருவாடு, தின்பதும் கருவாடு. அதை அலசின தண்ணீரையும் கைப்பழக்கத்தில் அந்த வாளியிலேயே ஊற்றிவிட்டாள்.

அவள் கடை போடும் நடைபாதைக்குப் பக்கத்தில் செடி விற்கும் ஹபீபுர் ரஹ்மான், செடியை மண்ணோடு உருவினார். துளி மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இன்னாக்கா, செடிய ஊறுகா போட்டுட்டியா?"

அவள் சிரிக்கவில்லை.

"பாரு, நடு வேரு நீளாம நின்னுபோச்சு. பக்கத்துல கிளைக்க வேண்டியதெல்லாம் முண்டு முண்டா குந்திக்கினு கீது. சுத்தியும் ஈரம் கீது, ஆனா உப்பு குடிக்க வுடல."

"செத்துடுச்சா நைனா?"

அவர் தண்டை நகத்தால் கீறினார். "உள்ள பச்சை கீது. நல்ல தண்ணி வுட்டு அலசு. அடியில வழியிறது கரிக்காம போற வரைக்கும் ஊத்து. வேரு கிளைச்சா எல தானா வரும்." செடியைத் திரும்ப வாளியில் நட்டு, கேட்காமலே இரண்டு கை புது மண்ணும் அள்ளிப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் ஒரு குடம் தண்ணீர்தான் இருந்தது. சோறு வைக்கவில்லை. சொம்பு சொம்பாக ஊற்றினாள். முதல் சொம்புக்கு அடியில் வழிந்ததை நாக்கில் வைத்தபோது கடல் தண்ணீராய்க் கரித்தது. 'தாயே, என் கைப்பிழைய அந்த லாரன்ஸு புள்ள மேல வெச்சுடாத' என்று கடல் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

திரும்பினால் வாசலில் ரோஸி. மாற்றுத்துணி எடுக்க வந்திருந்தாள். அவள் கண் வாளியிலேயே இருந்தது.

"பொய் சொல்லிட்டேன்டி. நான்தான் கருவாட்டுத் தண்ணிய ஊத்திக் கெடுத்தேன்."

ரோஸி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அங்க டாக்டரு அவருக்கு ஒரு கல்லு உப்பு ஆவாதுன்றாரு. இங்க நீ அவரு செடிக்கு வாரி வாரிக் கொட்டிக்கினு கீற." சிரிக்கப் போனவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவர்கிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

"நெசத்த சொல்லு. செடிக்கும் உப்ப நிறுத்தியாச்சு, ரெண்டு பேரும் ஒண்ணா தேறி வரணும்னு சொல்லு."

ரோஸி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து, ஆஸ்பத்திரியில் பாதி குடித்து மூடிய தண்ணீர் பாட்டிலை எடுத்து, மிச்சத்தை வேரடியில் மெல்ல ஊற்றினாள்.

வாளியின் அடி ஓட்டையில் சொட்டியதைக் குப்பம்மா விரலில் ஏந்தி நாக்கில் வைத்தாள். இன்னும் கரித்தது. முதல் சொம்புக்கு இருந்த அளவு இல்லை.